பாலினம் அறிதலா, பாலின ஊகமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

முகப்படத்தைக் கொண்டு ஒருவர் ஆணா பெண்ணா என்று முடிவுசெய்யும் மென்பொருளின் பணிக்குத் தமிழ்க் கலைச்சொல்லாகப் 'பாலினம் அறிதல்' என்பதை ஏற்கலாம் என்னும் முன்மொழிவை நான் மறுக்கிறேன். அறிதல் என்று சொன்னவுடனே, அறியப்படும் பொருள் முகத்தில் எழுதியிருப்பதாகவும் அறிந்தது தவறவில்லை என்றும் நாமே ஒப்புக்கொண்டுவிடுகிறோம். பாலின அடையாளத்தை அவரவரே தீர்மானிக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014இல், தேசிய சட்டப் பணிகள் ஆணையம் (நால்சா) தொடுத்த வழக்கின் தீர்ப்பில் ஏற்றுக்கொண்டிருக்கும்போது, தாடையையும் தலைமுடியையும் அளக்கும் நிரல் எதை அறிகிறது?

பெங்களூருவில் நாங்கள் சிலர் ஓர் அலுவலக வருகைப்பதிவுச் செயலியைத் தமிழாக்கியபோதுதான் இது எனக்கு உறைத்தது. சோதனைக்கு வந்த, பிறப்பில் பெண் எனக் குறிக்கப்பட்டு ஆணாக வாழும் திருநம்பி ஒருவரின் முகத்தருகே 'கண்டறியப்பட்ட பாலினம்: பெண்' என்று திரை காட்டியது. நிரலின் பிழையைத் தீர்ப்பாக்கியது நான் எழுதிய 'கண்டறியப்பட்ட' என்ற சொல்.

'அனுமானம்' என்ற பரிந்துரையும் வந்துள்ளது. தருக்க நூல்களில் அது, புகையைக் கண்டு நெருப்பை உணர்வதுபோல, மெய்யறிவு தரும் அளவை, அதாவது அறிவு பெறும் வழி. அந்தத் தகுதி இந்த நிரலுக்கு இல்லை. 'கணிப்பு' மோசமில்லை. ஆயினும் 'பாலின ஊகம்' என்பதையே முன்வைக்கிறேன், ஏனெனில் தவறக்கூடும் என்ற பொருள் அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. கணினி ஆய்வாளர்கள் ஜாய் புவலம்வினி, டிம்னிட் கெப்ரு ஆகியோரின் 2018ஆம் ஆண்டு ஆய்வில், வணிக மென்பொருள்கள் கருநிறப் பெண்களின் முகங்களில் 34.7 விழுக்காடு வரை பிழை செய்தன. வெளிர்நிற ஆண்களிடம் அது 0.8 விழுக்காட்டைத் தாண்டவில்லை. அந்த ஆய்வும் ஆண், பெண் என்ற இரு வகைகளையே கணக்கில் கொண்டது. திருநர் நிலையை அதிலிருந்து அறிய வழியில்லை.

ஊகம் என்பது இளக்காரமாக ஒலிக்கிறது, அரசு ஆவணங்களில் நிற்காது என்பது நியாயமான தயக்கமே. ஆனால் ஒப்பந்தப்புள்ளி ஒன்றில் 'பாலின ஊகக் கருவி' என்று படிக்கும் அதிகாரி, ஊகித்து என்ன ஆகப்போகிறது என்று ஒருமுறையாவது கேட்பார். அந்தக் கேள்வி எழவேண்டும் என்றே நான் விரும்புகிறேன்.

தரவுத்தளத்தில் 'ஊகித்த பாலினம்', அவரவரே சொல்லும் 'உரைத்த பாலினம்' என இரு புலங்களைப் பிரித்து, இரண்டும் முரண்பட்டால் உரைத்ததே நிற்கும் என்று விதிக்கலாம். திருநர் முதலிய சொற்களைத் தமிழ்நாடு அரசின் 2022ஆம் ஆண்டுச் சொற்பட்டியலின்படியே ஆளலாம். கருவிக்கு 'ஊகிப்பான்' என்று வைத்தால் ஆண்பால் வினைமுற்றாகவும் படிக்க நேரும். உலாவி, செயலி என்பவற்றின் வழியில் 'ஊகி' போதும்.