காலியாக வந்த டிரேஸ்: ஷெட்யூலர் புள்ளிவிவரமும் நானும்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

கஞ்சிக்கோட்டில் ஒரு பட்டறைக்கு மீட்டர் அளவுகளைச் சேகரிக்கும் லினக்ஸ் பெட்டி வைத்துக் கொடுத்தேன். ஒரே சிபியு கோர் உள்ள சின்ன போர்டு, லினக்ஸின் மையமான கர்னல் 5.10. மீட்டரின் பதிலுக்கு 20 மில்லிநொடி கெடு வைத்திருந்தேன். அது அடிக்கடி தவறியது.

நிரலுக்கு சிபியு கிடைக்கவில்லையோ என்று, கர்னலுக்குள் நடப்பதை வரி வரியாகப் பதிவு செய்யும் (டிரேஸ்) எஃப்டிரேஸ் கருவியில், சிபியுவுக்காகக் காத்த நேரத்தைச் சொல்லும் 'ஸ்கெட் ஸ்டாட் வெயிட்' நிகழ்வைத் திறந்தேன். அரை மணி நேரம் ஆகியும் ஒரு வரி விழவில்லை. சரி, காத்திருப்பே இல்லை என்று முடிவு கட்டி, இரண்டு நாள் கேபிளை மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

விஷயம் வேறு. அந்த நிகழ்வுக்குத் தீனி போடுவது, சிபியுவைப் பங்கிடும் ஷெட்யூலர் எழுதும் ஸ்கெட்ஸ்டாட்ஸ் கணக்கு. நிரல் ஒவ்வொரு முறை தூங்கி எழும்போதும் அதை எழுதுவது செலவு என்பதால், கர்னல் நிரலாளர் மெல் கோர்மன் 2016இல் அதை ஓடும்போதே திறந்து மூடும்படி மாற்றினார், 4.6 கர்னலிலிருந்து இயல்பாக மூடியே இருக்கும். டிரேஸைத் திறந்தால் கணக்கு தானாகத் திறக்காது. ஓடும் கர்னலின் அமைப்புகளை மாற்றும் சிஸ்கன்ட்ரோலில் 'கர்னல் ஸ்கெட் ஸ்கெட்ஸ்டாட்ஸ்' மதிப்பை 1 ஆக்கிய உடனே வரிகள் கொட்டின. கர்னலின் செய்திகள் வரும் டிமெசேஜில் இதற்கான எச்சரிக்கை ஒரே ஒரு வரி முதலிலேயே வந்திருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை.

பழைய பதிவுகளைச் சுருக்கும் நான்கைந்து வேலைகள் அதே கோரில் முட்டிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நைஸ் 19, அதாவது மிகக் குறைந்த முன்னுரிமை, கொடுத்தேன். கெடு தவறுவது நின்றது.

காலி டிரேஸுக்கு 'ஒன்றும் நடக்கவில்லை', 'கணக்கே எழுதவில்லை' என்று இரண்டு அர்த்தம் இருப்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

மீனாட்சிபுரத்திலிருந்து:

அண்ணா, காத்திருப்பை மட்டும் பார்க்க நான் டிரேஸ் பக்கமே போவதில்லைங்க. கர்னல் தன் தகவல்களைக் கோப்புகளாகக் காட்டும் பிராக் கோப்பகத்தில், அந்தப் பிராசஸின் (ஓடும் நிரலின்) எண்ணைப் பெயராகக் கொண்ட கோப்பகத்துக்குள் 'ஸ்கெட்ஸ்டாட்' கோப்பில் மூன்று எண்கள்: சிபியுவில் ஓடிய நேரம், வரிசையில் காத்த நேரம், எத்தனை தடவை ஓடியது. நேரங்கள் நானோநொடியில். அந்த 1 வைக்காமலே இது வரும். பத்து நொடி இடைவெளியில் இரண்டு தடவை படித்து இரண்டாவது எண்ணைக் கழித்தால் போதும்.

நான் சறுக்கியது இன்னோரிடம். என் நிரலில் ஆறு திரெட் (ஒரே நிரலுக்குள் தனித்தனியாக ஓடும் இழைகள்). அந்தக் கோப்பு முதன்மை திரெட்டின் கணக்கை மட்டும்தான் சொல்லும். மாட்டிக்கொண்டிருந்தது நாலாவது திரெட். உள்ளே 'டாஸ்க்' கோப்பகத்தில் ஒவ்வொரு திரெட்டுக்கும் தனித்தனி ஸ்கெட்ஸ்டாட் இருக்கிறது, அதைப் படிங்க.