51 வயதில் விருப்ப ஓய்வு: முதல் வருடத்தை எப்படி அமைத்துக்கொள்வது?

செங்கை வாசகி:
என் கணவருக்கு 51 வயது. ஒரகடம் பக்கம் ஓர் ஆலையில் 26 வருட சர்வீஸ், மூன்று ஷிஃப்ட் வேலை. விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார், ஆகஸ்ட் 31 கடைசி நாள். கடன் எதுவும் இல்லை. மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். வீட்டுச் செலவு மாதம் 45,000. சம்பளம் நின்ற பிறகு எந்தப் பணத்தை எங்கே வைத்து எப்படி எடுப்பது? ஆலைக்குப் போயே பழகியவர் நாள் முழுக்க வீட்டில் இருந்தால் என்னென்ன சிக்கல் வரும்? மொட்டை மாடியில் ஒரு போர்ஷன் எடுத்து வாடகைக்கு விடலாம் என்றும் பேச்சு ஓடுகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பேரேடு:
சகோதரி, முதலில் மருத்துவக் காப்பீடு. கம்பெனி கொடுத்த குரூப் பாலிசி கடைசி நாளோடு முடிந்துவிடும். அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசிக்கு மாற்றித் தரும்படி வேலையில் இருக்கும்போதே எழுதிக் கொடுங்கள். அப்படி மாறினால், குரூப்பில் இருந்த வருடங்கள் காத்திருப்புக் காலத்தில் கழியும். புதிதாக எடுத்தால் சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற பழைய நோய்களுக்கு மூன்று வருடம் வரை காத்திருக்க நேரும். எந்த வழியில் எடுத்தாலும் இருக்கிற நோயை மறைக்காமல் எழுதுங்கள். கிளைம் நிராகரிக்கப்படுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அடுத்தது மாதக் கணக்கு. 45,000 என்பது முழுச் செலவு அல்ல. ஸ்கூல் ஃபீஸ், காப்பீட்டு பிரீமியம், வீட்டு வரி, தீபாவளி, கல்யாண மொய், வண்டி ரிப்பேர் எல்லாவற்றையும் ஒரு வருடத்துக்குக் கூட்டுங்கள். அது 1,44,000 வந்தால் மாதத்துக்கு 12,000. ஆக உண்மையான செலவு 57,000. இதை விட்டுவிட்டுப் போட்ட கணக்கெல்லாம் ஜூனில் ஃபீஸ் கட்டும்போதே இடிக்கும்.

வந்த பணம் ஒரு வங்கிக் கணக்கில் இருக்கட்டும். அங்கிருந்து ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி 57,000 மட்டும் வீட்டுச் செலவுக் கணக்குக்குத் தானாக மாறும்படி வங்கியில் சொல்லி வையுங்கள். சம்பளத் தேதி என்று ஒன்று இருந்தால்தான் கை கட்டுக்குள் நிற்கும். பழைய சம்பளக் கணக்கைச் செலவுக்கு வைத்துக்கொள்வதானால், சில மாதம் சம்பளம் வரவில்லை என்றால் அது சாதாரண சேமிப்புக் கணக்காகிவிடும்; மினிமம் பேலன்ஸ் குறைந்தால் சில வங்கிகளில் அபராதம் பிடிப்பார்கள், கவனம்.

ஒரு வருடச் செலவு சேமிப்புக் கணக்கிலும் குறுகிய கால டெபாசிட்டிலும் இருக்க வேண்டும். அதற்கடுத்த நான்கு வருடத்துக்கானதை, வருடத்துக்கு ஒன்று முதிர்கிற மாதிரி ஃபிக்ஸட் டெபாசிட்டாகப் பிரியுங்கள். வங்கி மூழ்கினால் ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் டெபாசிட் காப்பீடு. போஸ்ட் ஆபீஸ் மாத வருமானத் திட்டத்தில் கணவன் மனைவி கூட்டாக 15 லட்சம் போடலாம். 7.4 சதவீத வட்டி என்றால் மாதம் 9,250 வரும். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இவருக்குக் கிடைக்காது. ஓய்வு பெற்றவர்களுக்கான சலுகையே 55 வயதில்தான் தொடங்குகிறது, அதுவும் ஓய்வுப் பணம் கைக்கு வந்த 3 மாதத்துக்குள் போட வேண்டும். இவர் 60 வரை பொறுக்க வேண்டியதுதான்.

ஐந்து வருடம் தாண்டித் தேவைப்படும் மீதியில் ஒரு பங்கு, விலைவாசியோடு சேர்ந்து வளர்கிற இடத்தில் இருக்க வேண்டும். விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால் இன்றைய 57,000 பன்னிரண்டு வருடத்தில் 1,14,000 ஆகிவிடும். டெபாசிட் மட்டும் இதைத் தாங்காது.

கணக்குப்பிள்ளை:
பேரேடு சொன்னதோடு பிஎஃப், வரி விஷயம் மட்டும் சேர்க்கிறேன்.

பிஎஃப் பணம் முழுவதையும் உடனே எடுக்க வேண்டிய அவசியம் இல்லை. 58 வயது வரை வட்டி ஏறும். ஆனால் வேலையை விட்ட பிறகு ஏறும் வட்டி வரிக்கு உட்பட்டது. கிளைம் சிக்குவது பெரும்பாலும் இரண்டு காரணத்தால்: ஆதாரில் பெயர், பிறந்த தேதி பிஎஃப் பதிவோடு ஒத்துப்போகாதது, கம்பெனி வெளியேறிய தேதியைப் பதியாதது. முதலாவதை ஆகஸ்டுக்குள் திருத்துங்கள். கம்பெனி பதியாவிட்டால், இரண்டு மாதம் கழித்து உறுப்பினரே பிஎஃப் இணையதளத்தில் பதியலாம். நாமினேஷனையும் ஒரு தடவை பாருங்கள், பழைய ஆட்களுக்கு அது காலியாகவே கிடக்கும்.

ஈபிஎஸ் பென்ஷனை (பிஎஃப்போடு சேர்ந்த மாத ஓய்வூதியம்) 50 வயதிலிருந்தே வாங்கலாம் என்று யாராவது சொல்வார்கள். வாங்கலாம். ஆனால் 58க்குக் குறைகிற ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் வெட்டு. 51ல் வாங்கினால் சுமார் கால் பங்கு போய்விடும், அந்தக் குறைவு ஆயுளுக்கும் தொடரும். தொகையும் பெரிதல்ல: 2014 செப்டம்பருக்கு முந்தைய சர்வீஸுக்கு 6,500 ரூபாய், பிந்தையதற்கு 15,000 ரூபாய் என்ற சம்பள உச்சவரம்பைச் சர்வீஸ் வருடங்களால் பெருக்கி 70ஆல் வகுப்பார்கள். 14 வருடம் முன்னால், 12 வருடம் பின்னால் என்றால் 58ல் மாதம் ஏறக்குறைய 4,000தான். இப்போதைக்குப் படிவம் 10சி கொடுத்து ஸ்கீம் சர்டிஃபிகேட் (இதுவரையான சர்வீஸுக்கான சான்று) வாங்கி வையுங்கள். பென்ஷன் கேட்கும் படிவம் 10டியைப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

விருப்ப ஓய்வு இழப்பீட்டில் 5 லட்சம் வரை வரி விலக்கு உண்டு, ஆயுளில் ஒரே முறை. கம்பெனியின் திட்டம் வருமான வரி விதிகளுக்குப் பொருந்தினால்தான் கிடைக்கும், அதனால் ஹெச்ஆரிடம் எழுத்தில் கேளுங்கள்.

இனி வரியைப் பிடித்துக் கட்டக் கம்பெனி இல்லை. வங்கி பிடித்தது போக மீதி வரி 10,000 தாண்டினால் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15ஆம் தேதிகளில் முன்கூட்டியே கட்ட வேண்டும். 60 வயதானவர்களுக்கு உள்ள விலக்கு இவருக்குப் பொருந்தாது. வருமானம் குறைந்தாலும் ரிட்டர்னை விடாமல் தாக்கல் செய்யுங்கள். மகளுக்குக் கல்விக் கடன் கேட்கும்போது வங்கி தந்தையின் ரிட்டர்னைத்தான் கேட்கும்.

தாழ்வாரம்:
அக்கா, ஆட்களைப் பற்றி நான் சொல்கிறேன்.

ஷிஃப்ட் பார்த்த உடம்புக்கு முதலில் கெடுவது தூக்கம். முதல் வாரம் பத்து மணி நேரம் தூங்குவார், பிறகு ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக் கிடப்பார். படுக்கும் நேரத்தைப் பிடிக்காதீர்கள், எழும் நேரத்தைப் பிடியுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் 5.30க்கு எழுந்து, அரை மணி நேரம் வெயில் படுகிற மாதிரி நடக்கட்டும். மதியத் தூக்கம் 30 நிமிடம், மூன்று மணிக்குள்.

தட்டில் விழும் சோறு அப்படியே இருக்கும், ஆலையில் நடந்த நடை மட்டும் நின்றுபோகும். எடையும் சர்க்கரையும் ஏறுவது இதனால்தான். ஆகஸ்டில் ஒரு ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி காட்டும் ரத்தப் பரிசோதனை), மூன்று மாதம் கழித்து இன்னொன்று எடுத்து ஒப்பிடுங்கள்.

பகலில் அந்த வீடு இத்தனை வருடம் உங்களுடையது. சூப்பர்வைசர் பழக்கத்தில் அவர் அடுப்படிக்கு வந்து, கேஸ் ஏன் இவ்வளவு ஆகிறது என்று கேட்கத் தொடங்குவார். அதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். கூடமாட ஒத்தாசை என்பதை விட, முழுப் பொறுப்பாகச் சிலவற்றைக் கொடுப்பது நல்லது: காய்கறி, ரேஷன், கரண்ட் பில், தண்ணீர் மோட்டார், மகளின் டியூஷன் போக்குவரத்து. எதை எப்போது வாங்குவது என்பதும் அவர் முடிவாகட்டும். காலை 9.30 முதல் 12.30 வரை நூலகமோ பகுதி நேர வேலையோ, வெளியே இருக்க ஓர் இடம் வேண்டும். ஆலை பஸ் நின்ற பிறகு நண்பர்கள் தானாக வரமாட்டார்கள். வாரத்தில் ஒரு நாள், ஒரே டீக்கடை, ஒரே நேரம் என்று இப்போதே பேசி வைக்கச் சொல்லுங்கள்.

செங்கை வாசகி:
மிக்க நன்றி. மாடி போர்ஷன் பற்றி யாரும் சொல்லவில்லையே?

பேரேடு:
உதாரணத்துக்கு 700 சதுர அடி, அடி 2,300 என்றால் 16.1 லட்சம். 9,000 வாடகை வந்தால் வருடம் 1,08,000, அதாவது 6.7 சதவீதம். ஆள் இல்லாத மாதமும் வெள்ளையடிப்பும் போனால் 6க்குக் கீழே வரும். வாடகை ஏறும் என்பது உண்மை, ஆனால் அவசரத்துக்கு அந்தச் சுவரை உடைத்துப் பணம் எடுக்க முடியாது. முதல் 12 மாதம் கட்டடம், கடை, தெரிந்தவருக்குக் கைமாற்று எதற்கும் பணத்தை எடுக்காதீர்கள். ஒரு முழு வருடச் செலவு கண்ணில் பட்ட பிறகு, அடித்தளம் மாடியைத் தாங்குமா என்று ஓர் இன்ஜினீயரிடம் காட்டுங்கள்.