தம்பிக்குத் திரும்பத் திரும்ப சீழ்க்கட்டி, ரிப்போர்ட்டில் எம்ஆர்எஸ்ஏ

ரங்கூன் அக்கா:
தம்பி சின்லோன் (பிரம்புப் பந்தைக் காலால் தட்டும் பர்மிய ஆட்டம்) ஆடுகிறவன். முழங்கால் சிராய்ப்பில் ஆரம்பித்தது, இப்போது தொடையில் கோழிமுட்டை அளவுக்குக் கட்டி. தெருமுனைக் கடையில் அட்டையை வெட்டி அமாக்ஸிசிலின் கொடுத்தார்கள், வலி குறைந்ததும் நிறுத்திவிட்டான். மறுபடி வந்தபோது செஃபாலெக்ஸின், அதற்கும் கேட்கவில்லை. டாக்டர் சீழ் எடுத்து கல்ச்சருக்கு, அதாவது லேபில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்பினார். ஸ்டாஃப் ஆரியஸ் என்ற கிருமி, செஃபாக்ஸிடின் 'ஆர்' (மருந்துக்கு மசியாது), கிளிண்டாமைசின் 'எஸ்' (மசியும்), வான்கோமைசின் 'எஸ்'. மெத்திசிலின் என்ற மருந்துக்கு மசியாத ஸ்டாஃப் ஆரியஸைத்தான் எம்ஆர்எஸ்ஏ என்கிறார்களாம். இது ஆஸ்பத்திரியில் படுத்தவர்களுக்குத்தானே வரும்? கடைக்காரர் இதைவிடப் பவரான மாத்திரை இருக்கிறது என்கிறார், அம்மாவும் அதையே வாங்கச் சொல்கிறார்.

பெகு நர்ஸம்மா:
வாங்காதீங்கம்மா. செஃபாக்ஸிடின் 'ஆர்' என்றால் கிருமி தன் சுவரைக் கட்டும் புரதத்தையே மாற்றிக்கொண்டுவிட்டது, பென்சிலின் வகை மருந்து அதில் ஒட்டாது. அமாக்ஸிசிலின், கிளாக்ஸசிலின், செஃபாலெக்ஸின் எல்லாம் அந்த வகையறாதான், பவரைக் கூட்டி என்ன பிரயோஜனம்? அதே வகையில் 1959-ல் மெத்திசிலின் வந்தது, 1961-லேயே அதற்கு மசியாத கிருமியை இங்கிலாந்தில் பார்த்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக் கிருமி என்பதெல்லாம் பழைய கதை, 1990-களிலிருந்தே வெளியில் விளையாடுகிற பிள்ளைகளுக்கும் வருகிறது. அப்புறம், இவ்வளவு பெரிய கட்டிக்கு முதல் வைத்தியம் கீறிச் சீழை வெளியேற்றுவதுதான். அதை டாக்டர் செய்யட்டும், வீட்டில் யாரும் பிதுக்க வேண்டாம், தனக்கா மரப்பட்டைக் குழைவும் அப்ப வேண்டாம்.

மோல்மேன்காரன்:
கிளிண்டாமைசின் 'எஸ்' என்று எழுதியே கொடுத்துவிட்டார்களே, அதைக் கடையிலேயே வாங்கினால் டாக்டர் காசு மிச்சம்தானே?

பெகு நர்ஸம்மா:
அங்கேதான் சிக்கல், அண்ணே. அதே தாளில் எரித்ரோமைசின் 'ஆர்' என்றிருந்தால் கிளிண்டாமைசின் 'எஸ்'-ஐ அப்படியே நம்ப முடியாது. லேபில் ரெண்டு மருந்து வில்லையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். கிளிண்டாமைசினைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம், எரித்ரோமைசின் பக்கம் மட்டும் தட்டையாகி இங்கிலீஷ் டி எழுத்து மாதிரி நின்றால், மருந்து பாதியில் பலிக்காமல் போய்விடலாம். அதுதான் டி-டெஸ்ட். இன்னொன்று, வான்கோமைசினை வாயால் சாப்பிட்டால் ரத்தத்தில் ஏறாது, இந்தக் கட்டிக்கு ஊசியாகத்தான் போட வேண்டும், அதுவும் நோய் முற்றினால்தான். காய்ச்சல் வந்தாலோ சிவப்பு பரவினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீட்டில் சர்க்கரைக்காரர் இருந்தால் துண்டு, கைலி, ரேசர் எல்லாம் தனித்தனி.

ரங்கூன் அக்கா:
பார்த்தேன், எரித்ரோமைசின் 'ஆர்'தான். டி-டெஸ்ட் பற்றி ஒன்றும் எழுதவில்லை. காலையில் லேபுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு, தம்பியை டாக்டரிடம் கூட்டிப் போகிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, ரெண்டு பேருக்கும் ஒரே துண்டு, அதை இப்போதே பிரித்துவிட்டேன்.