ஜிஎஸ்டி பிரிவு 70 சம்மன்: சாட்சி எதற்கெல்லாம் கட்டுப்பட வேண்டும்? (கேட்பவர் ‘பேரேடு’; பதில் சொல்பவர்கள் ‘ஐந்தொகை’, ‘வாய்தா’, ‘நகல்மனு’. எல்லாம் புனைபெயர்கள்.)

பேரேடு:
மத்திய ஜிஎஸ்டி அலுவலகத்திலிருந்து ஒரு நிறுவனத்தின் கணக்காளருக்குப் பிரிவு 70 சம்மன். சரக்கு விற்றவர் மேல் போலி பில் விசாரணை. இவர் வாங்கிய தரப்பில் சாட்சி. பார்ட்னரும் இல்லை, இயக்குநரும் இல்லை. இவருக்குப் பதிலாக ஆடிட்டர் போகலாமா? பதில் சொல்ல மறுக்கலாமா? வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடாவிட்டால் என்ன ஆகும்?

ஐந்தொகை:
முதலில் சம்மனில் உள்ள டிஐஎன் (ஆவண அடையாள) எண்ணை சிபிஐசி (மத்திய மறைமுக வரிகள் வாரியம்) இணையதளத்தில் அடித்து அசல்தானா என்று பாருங்கள். வீடியோ காலில் மிரட்டிப் பணம் கேட்பதற்குப் பெயர் சம்மன் இல்லை.

அசல் என்றால் கணக்காளர்தான் போக வேண்டியிருக்கும். 2024 நவம்பர் 1 முதல் அமலில் உள்ள 70(1ஏ) “நேரிலோ பிரதிநிதி மூலமோ” என்கிறது. ஆனால் எது என்று முடிவு செய்பவர் அதிகாரி. உறுதிமொழியின் பேரில் நேரில் விசாரிக்க அழைத்தால் பிரதிநிதி போக பிரிவு 116 இடம் தராது. ஆவணம் மட்டும் கேட்டிருந்தால் ஆடிட்டர் வழியாகக் கொடுக்க அனுமதி கேட்டுப் பாருங்கள்.

தேதி ஒத்துவரவில்லையா, அதற்கு முன்பே காரணத்தோடு மின்னஞ்சல் அனுப்புங்கள். போனில் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. வராமலே இருந்தால் பிரிவு 122(3)-ன் கீழ் ரூ.25,000 வரை அபராதம். 2022 ஆகஸ்ட் 17 தேதியிட்ட சிபிஐசி அறிவுறுத்தலின்படி, பொதுவாக மூன்று சம்மன் வரை அனுப்பிப் பார்த்துவிட்டு மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுப்பார்கள். எடுத்த எடுப்பில் எம்.டி., சி.எஃப்.ஓ.வை (நிதித் தலைமை அதிகாரி) அழைக்கக் கூடாது, போர்ட்டலிலேயே உள்ள ஜிஎஸ்டிஆர்-3பி (வரிக் கணக்குப் படிவம்) போன்றவற்றுக்காகச் சம்மன் அனுப்பக் கூடாது என்பதும் அதில் உண்டு. அது மத்திய அதிகாரிகளுக்கானது. மாநில வணிகவரி அதிகாரியிடம் காட்டிப் பயனில்லை.

வாய்தா:
மௌன உரிமையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அரசியலமைப்பின் 20(3) “குற்றம் சாட்டப்பட்டவருக்கு” மட்டும். சம்மன் கட்டத்தில் யாரும் அந்த நிலைக்கு வரவில்லை என்று சுங்க வழக்கில் 1968-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது (ரமேஷ் சந்திர மேத்தா). போலீஸ் விசாரணை வேறு. அங்கே பிஎன்எஸ்எஸ் (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 180-ன்படி, தன்னையே குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்குப் பதில் தேவையில்லை; 181-ன்படி எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்தும் வாங்கக் கூடாது. ஜிஎஸ்டி விசாரணையோ நீதிமன்ற நடவடிக்கையாகவே கருதப்படும். பொய் சொன்னால் பிஎன்எஸ் (குற்றங்களுக்கான தண்டனைச் சட்டம்) 229-ன்படி 7 ஆண்டு வரை சிறை.

மணல் விவகாரத்தில் அமலாக்கத் துறை அனுப்பிய சம்மனுக்கு ஐந்து மாவட்ட ஆட்சியர்களே ஆஜராக வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சட்டம் வேறு என்றாலும் போக்கு அதேதான்.

நகல்மனு:
கையெழுத்தே போட மாட்டேன் என்பது வம்பு. சட்டப்படி கடமை இருந்தும் மறுத்தால் பிஎன்எஸ் 215-ன் கீழ் 3 மாதம் வரை சிறையோ ரூ.3,000 வரை அபராதமோ, இரண்டுமோ வரலாம். திருத்திவிட்டுப் போடுவதே வழி.

கோளாறு எங்கே வருகிறதென்றால், கணக்காளர் “பில் வந்தது, பதிந்தேன். சரக்கு இறங்கியதா என்று கோடவுனில்தான் கேட்க வேண்டும்” என்பார். தட்டச்சில் “சரக்கு வராமல் பில் மட்டும் பெற்றோம்” என்று நிற்கும். அந்த வரியைப் பேனாவால் அடித்து, சொன்னதை மேலே எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இடுங்கள். ஒவ்வொரு பக்கமும் இப்படிப் படித்த பிறகே ஒப்பம். அடியில் காலி இடம் இருந்தால் குறுக்குக் கோடு. தொடங்கிய நேரம், முடித்த நேரம் இரண்டையும் கைப்பட எழுதுங்கள். நினைவில்லாததற்கு “பேரேட்டைப் பார்த்துச் சொல்கிறேன்” என்பதும் பதில்தான். உத்தேசமாக ஒரு தொகை சொல்லிவிட்டால் பிறகு அதுவே தலைவலி.

பேரேடு:
நன்றி. வக்கீல் கூட உட்காரலாமா?

வாய்தா:
உரிமையாகக் கேட்க முடியாது; உச்ச நீதிமன்றத்தின் பூல்பாண்டி வழக்கு, 1992. நீதிமன்றத்தில் கேட்டால் கண்ணில் படும், காதில் விழாத தூரத்தில் இருக்க அனுமதித்த உத்தரவுகள் உண்டு.

நகல்மனு:
மிரட்டி எழுதி வாங்கினார்கள் என்றால் மறுநாளே மறுப்புக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வாக்குமூல நகல் அன்றே கிடைப்பது அரிது. காரணம் கேட்கும் நோட்டீஸோடுதான் பெரும்பாலும் வரும். அதுவரை காத்திருந்து மறுத்தால் யோசித்துச் சொன்னதாக ஒதுக்கிவிடுவார்கள்.