பரந்தூரா, மீனம்பாக்கமா? சென்னையின் அடுத்த ஓடுபாதை குறித்து ஒரு வாதம்

பல்லாவரத்தார்:
சென்னையின் இப்போதைய விமான நிலையமான மீனம்பாக்கத்தில் ஓடுபாதைகள் இரண்டு என்பது பெயரளவில்தான். அவை ஒன்றையொன்று குறுக்கே வெட்டுவதால், ஒன்றில் விமானம் இறங்கும்போது மற்றதில் விருப்பம்போல் இன்னொன்றை ஏற்ற முடியாது. இணையாக ஒரு பாதை போடலாம் என்றால், ஒரு பக்கம் ஜி.எஸ்.டி. சாலையும் ரயில் பாதையும், மறுபக்கம் அடையாறு, அதைத் தாண்டினால் மணப்பாக்கம், கொளப்பாக்கம், கெருகம்பாக்கம் என வீடுகள் நெருங்கிவிட்ட ஊர்கள். அங்கே நிலம் எடுக்கும் முயற்சி ஆண்டுக்கணக்கில் இழுபறியானதை இப்பகுதியினர் அனைவரும் அறிவோம். பெங்களூரு விமான நிலையம் 2008-இல் நகருக்கு வெளியே தேவனஹள்ளிக்குப் போனது. 2019-இல் அங்கே இரண்டாவது ஓடுபாதையும் வந்துவிட்டது. எனவே சென்னையின் புதிய விமான நிலையத்துக்கென 2022-இல் அறிவிக்கப்பட்ட, காஞ்சிபுரம் அருகிலுள்ள பரந்தூரே சரியான முடிவு என்பது என் கருத்து.

ஏரிப்பாசனம்:
ஐயா, மும்பையிலும் ஓடுபாதைகள் குறுக்கே வெட்டிக்கொள்பவைதான். பெரும்பாலும் ஒரே நேரத்தில் ஒன்றைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆயினும் 2023-24-இல் அங்கே 5 கோடிக்கும் மேற்பட்டோர் பயணம் செய்தனர். சென்னையிலோ ஏறத்தாழ 2 கோடியே சொச்சம். அப்படியானால் இங்கே முட்டுக்கட்டை ஓடுபாதை அன்று. விமான நிறுத்துமிடங்கள், இறங்கிய விமானம் ஓடுபாதையை விரைவாகக் காலி செய்ய உதவும் இணைப்புப் பாதைகள், முனையங்கள் ஆகியவைதான். அவற்றைச் செம்மைப்படுத்தாமல் பரந்தூரில் 5,000 ஏக்கருக்கும் மேல் கேட்பது நியாயமா?

பல்லாவரத்தார்:
மும்பையை எடுத்துக்காட்டும் நண்பர், அந்நகரமே நவி மும்பையில் இன்னொரு விமான நிலையம் கட்டி 2025 அக்டோபரில் திறந்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டார். அந்தத் திட்டம் பேச்சளவில் தொடங்கியது 1990-களில். நெருக்கடி முற்றிய பிறகு இடம் தேடினால் கால் நூற்றாண்டு போய்விடும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. தவிரவும், 2015 டிசம்பரில் அடையாறு பெருகி மீனம்பாக்கம் மூழ்கியபோது, அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து விமானங்களை இயக்க வேண்டியிருந்தது. ஒரே நிலையத்தை நம்பியிருப்பது பெருநகருக்கு ஆபத்து.

ஏரிப்பாசனம்:
வெள்ளத்தை நீங்களே எடுத்தது நல்லதாயிற்று. மீனம்பாக்கத்தின் இரண்டாவது ஓடுபாதையை அடையாற்றின்மேல் பாலம் கட்டி நீட்டிய ஊர், அடுத்ததை ஏரிகளின்மேல் போடப் பார்க்கிறது. பரந்தூர்த் திட்ட நிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நீர்நிலை. ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் கம்பன் கால்வாய் அவ்வழியேதான் செல்கிறது. ஓர் ஏரி நிரம்பியதும் அதன் கலங்கலில் (உபரிநீர் வெளியேறும் வழியில்) வழியும் நீர் அடுத்த ஏரிக்குப் பாயும் சங்கிலி அது. நடுவில் ஒரு கண்ணியை மண் கொட்டி மேடாக்கினால், மேலே உள்ள வயல் மூழ்கும், கீழே உள்ள ஏரி காயும். மாற்றுக் கால்வாய் வெட்டலாம் என்கிறார்கள். கால்வாயை வெட்டிவிடலாம், ஏரி தேக்கிவைத்த நீரை எங்கே தேக்குவது? திட்டப் பகுதியிலுள்ள ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் போராடுவதும், கிராம சபையில் மீண்டும் மீண்டும் தீர்மானம் போடுவதும் இழப்பீட்டுத் தொகைக்காக மட்டும் அன்று.

கோடம்பாக்கம் பயணி:
இருவருக்கும் ஒரு கேள்வி. படாளம், திருப்போரூர், பன்னூர், பரந்தூர் ஆகிய நான்கு இடங்களை ஆராய்ந்துதான் இதைத் தேர்ந்தார்கள். ஆனால் நகரிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர்! மதுரைக்கு ஒரு மணி நேரத்தில் பறக்க, பரந்தூருக்கு இரண்டு மணி நேரம் காரில் போவதைவிட எழும்பூரில் ரயில் ஏறிவிடுவேன்.

பல்லாவரத்தார்:
மீனம்பாக்கத்தை மூடப்போவதில்லை என்று அரசு சொல்லியிருக்கிறது. உங்கள் மதுரை விமானம் இங்கேயே இருக்கலாம். பூந்தமல்லியிலிருந்து பரந்தூருக்கு மெட்ரோ நீட்டிப்பும் திட்டத்தில் உண்டு. நீர்நிலை பற்றிய வாதத்தை நான் தள்ளிவிடவில்லை. ஏரிகளைத் தவிர்த்து ஓடுபாதையின் இடத்தை மாற்றி வரைய முடியுமா என்று கேட்பது, திட்டமே வேண்டாம் என்பதைவிடப் பயன் தரும்.

ஏரிப்பாசனம்:
4 கிலோமீட்டர் நீளத்தில் இரண்டு இணையான ஓடுபாதைகளை அந்த நிலத்தில் எப்படித் திருப்பி வைத்தாலும் ஏதாவது ஓர் ஏரி அடிபடும். வரைபடத்தை எடுத்து வைத்துப் பாருங்கள். அடிபடாத ஒரு கோடு கிடைத்தால் இங்கே இடுங்கள், பேசுவோம்.