புதுப்பிப்பு: வாசிப்பு வட்டத்தில் "நல்லாயிருக்கு" என்பதைத் தாண்டிப் பேச வைப்பது எப்படி?

பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. திருகோணமலையில் எங்கட வாசிப்பு வட்டத்தில் எந்த நாவலை எடுத்தாலும் "நல்லாயிருக்கு" என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது என்று கேட்டிருந்தேன்.

முதலில் கேள்விகள் எழுதிக் கொடுத்துப் பார்த்தோம். பரீட்சை போலாகிவிட்டது, சரிவரவில்லை. பலன் தந்தது, "ஆளுக்கொரு பக்கத்தைத் தெரிந்தெடுத்துச் சத்தமாக வாசியுங்கோ, அந்தப் பக்கத்தைப் பற்றி மட்டும் கதையுங்கோ" என்று ஒரு அக்கா சொன்ன யோசனைதான்.

அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி'யை எடுத்தோம். 1973இல் வந்த நாவல். கடையில் கிடைக்கவில்லை, ஈழத்துப் புத்தகங்களைச் சேர்த்து வைத்திருக்கும் 'நூலகம்' இணையத்தளத்தில் வாசித்தோம். கதை நடக்கிற தண்ணிமுறிப்புக் காட்டு வர்ணனையை ஒருவர் வாசிக்க, அதற்குக் கிட்ட உள்ள குமுழமுனைப் பக்கத்து மாமி ஒருவர் குளத்தையும் வயலையும் பற்றிச் சொல்லத் தொடங்கினார். நாவலின் நாயகி பதஞ்சலியைக் கதாசிரியர் பாவம் பார்க்கிறாரா, குற்றம் சொல்கிறாரா என்று பெரிய வாக்குவாதமே நடந்தது. எனக்கு அவர் அவளை விளங்கிக்கொண்டே எழுதியிருக்கிறார் என்றுதான் படுகிறது.

எதிர்பாராதது: நினைவுக்குறிப்புகளுக்கு இந்தப் பக்கம் வாசிக்கும் முறை அவ்வளவு பொருந்தவில்லை. மூதூர் வ. அ. இராசரத்தினத்தின் 'இலக்கிய நினைவுகள்' எடுத்தபோது எல்லாரும் தங்கட ஞாபகங்களுக்குப் போய்விட்டார்கள், புத்தகம் ஓரமாய்க் கிடந்தது. "இவர் எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்?" என்று கேட்ட பிறகுதான் பேச்சு புத்தகத்துக்குத் திரும்பியது. நினைவுக்குறிப்பு வாசிக்கிறவர்கள் அந்தக் கேள்வியோடேயே தொடங்குங்கோ.