காட்டில் கைத்துப்பாக்கியை எங்கே மாட்டுகிறீர்கள்?

எல்க் கிறுக்கன் (போஸ்மன், மான்டானா)

நேரே விஷயத்துக்கு வருகிறேன். போன சீசனில் பாரடைஸ் பள்ளத்தாக்குக்கு மேலே எல்க் (பெரிய மான்) விழுந்து, கூறுபோட்டு, முதல் பின்தொடையை நண்பர் முதுகில் ஏற்றியாகிவிட்டது. நான் குனிந்து மிச்சத்தை அறுத்துக்கொண்டிருக்கிறேன், ரைபிள் இரண்டும் மரத்தில் சாய்ந்திருக்கின்றன. கிரிஸ்லி என்னும் பழுப்புக் கரடி உள்ள காட்டில் இதைவிடக் கெட்ட நேரம் கிடையாது என்று உங்களுக்கே தெரியும். தலையை நிமிர்த்தினால் புதருக்கு அந்தப் பக்கம் ஒரு தாய்க்கரடி பின்னங்காலில் எழுந்து நிற்கிறது, பக்கத்தில் குட்டிகள். நண்பரின் வலது கை இடுப்புக்குப் போனது. அங்கே இருந்தது பேக்பேக்கின் அகலமான இடுப்புப் பட்டை. துப்பாக்கி அதற்கு அடியில். கை மேலே தட்டியது, கீழே நுழையப் பார்த்தது, மறுபடி மேலே வந்து தடவியது. கரடியின் முகம்கூட எனக்கு மங்கிவிட்டது, அந்தக் கை மட்டும் கண்ணைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது.

நான் கரடி விரட்டும் மிளகாய் ஸ்ப்ரேயின் பாதுகாப்புக் கொக்கியைக் கழற்றுவதற்குள் கரடி தானாக இறங்கி, குட்டிகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அவரிடம் இருந்தது நல்ல .44 மேக்னம் ரிவால்வர், அதை மாட்டும் தோல் உறை, அதாவது ஹோல்ஸ்டரும் மலிவு இல்லை. பேக் இல்லாமல் மாட்டிப் பார்த்து வாங்கியிருக்கிறார், அவ்வளவுதான்.

மார்பில் மாட்டலாம் என்றால் அங்கே ஏற்கெனவே பைனாகுலர் பை உட்கார்ந்திருக்கிறது. அது போதாதென்று, இங்கே வேட்டை விதிப்படி 400 சதுர அங்குலம் ஆரஞ்சு உடை இடுப்புக்கு மேலே வெளியே தெரிந்தாக வேண்டும். நீங்கள் எல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

ஆங்கரேஜ் அக்கா

மார்புதான் தம்பி, பேச்சே வேண்டாம். இங்கே அலாஸ்காவில் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்குகிறோம், முதுகில் பேக், மேலே மழைக்கோட்டு. இடுப்பு என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும்.

ஆனால் எனக்கு உறுத்துவது கரடி இல்லை. கோடியாக் தீவுக்கு மான் வேட்டைக்குக் கிளம்பினோம், மிதவை விமானம். குழுவில் நான் ஒருத்திதான் பெண். எல்லோர் மார்பிலும் ஒரே மாதிரி கைடெக்ஸ் (கெட்டி பிளாஸ்டிக்) ஹோல்ஸ்டர், பாதிப் பேரிடம் என்னிடம் உள்ள அதே 10 எம்எம் கிளாக் கைத்துப்பாக்கி. விமானி ஸ்ப்ரே டப்பாக்களை எல்லாம் வாங்கி மிதவைக்குள் வைத்து மூடினார் (கேபினுக்குள் ஒன்று பீய்ச்சி அடித்தால் ஓட்டுகிறவர் கண் போய்விடும், அதனால் அது வழக்கம்தான்). அப்புறம் என் துப்பாக்கியைக் காட்டி, "இதைக் கையாளத் தெரியுமா?" என்றார். என்னிடம் மட்டும். நான் பதில் சொல்லவில்லை. மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்து, அறை காலி என்று காட்டினேன். அதைப் பார்த்த பிறகுதான் பக்கத்தில் நின்ற ஒருவர் திரும்பி நின்று, சத்தமில்லாமல் தன்னுடையதைக் காலி செய்தார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை!

தோலைப் பற்றி ஒரு வார்த்தை: எங்கள் மழையில் தோல் நனைந்தால் உலர நாளாகும், அதற்குள்ளேயே கிடக்கும் நீலம் பூசிய துப்பாக்கி இரும்பு துருப்பிடிக்கத் தொடங்கிவிடும். கோட்டுக்கு உள்ளே மாட்டினால் நனையாது என்று சொல்பவர்கள், கழுத்துவரை ஜிப் போட்ட கோட்டோடு ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும். பெண்களுக்கு இன்னொன்று, கடையில் வரும் நிலையில் பட்டைகள் சரியாக உட்காராது. ஹோல்ஸ்டரை விலா எலும்புக்குக் கீழே இறக்கிக் கட்டினால்தான் கை தடையில்லாமல் போகும்.

சான் அன்டோனியோ சின்னவன்

நீங்கள் எல்லாம் கரடியைப் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்கு நடந்தது பெட்ரோல் பங்க் வரிசையில்.

ஹில் கன்ட்ரியில் விடியற்காலை பன்றி வேட்டை முடித்துத் திரும்பும் வழி. உடம்பெல்லாம் சேறு, வலது இடுப்பில் வெளியே தெரிய ரிவால்வர். டெக்சஸில் இதற்குத் தடை இல்லை. 2016 ஜனவரி முதல் லைசென்ஸ் உள்ளவர்கள் வெளியே தெரிய மாட்டலாம் என்று வந்தது, அப்போது தோளில் அல்லது பெல்ட்டில் உள்ள ஹோல்ஸ்டர் என்று சட்டமே சொன்னது. 2021 செப்டம்பருக்குப் பிறகு லைசென்ஸும் கட்டாயம் இல்லை, ஹோல்ஸ்டர் இருந்தால் சரி. எனக்கு முன்னால் நின்ற வெள்ளைக்காரப் பெரியவர் இடுப்பிலும் ஒன்று இருந்தது. அவர் காசு கொடுத்தார், நலம் விசாரித்தார், போனார். என் முறை வந்தது. பர்ஸ் வலது பின்பாக்கெட்டில். கையைப் பின்னால் கொண்டுபோகிறேன், பணம் வாங்குகிற பையன் அப்படியே உறைந்துவிட்டான். எனக்குப் பின்னால் நின்ற அம்மா குழந்தையின் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டார். அந்த இழுப்பைத் திரும்பிப் பார்க்காமலே என்னால் உணர முடிந்தது. கையை அப்படியே நிறுத்தி, "பர்ஸ் எடுக்கிறேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு எடுத்தேன்.

யார் மேலும் கோபம் இல்லை, அல்லது இருக்கிறது, தெரியவில்லை. ஹோல்ஸ்டர் வாங்கும்போது கரடி எந்தப் பக்கம் வரும் என்று யோசிக்கிற நாம், பர்ஸ் எந்தப் பக்கம் இருக்கிறது என்று யோசிப்பதே இல்லை. இப்போது பர்ஸ் இடது முன்பாக்கெட்டில். ஊருக்குள் நுழையும் முன் துப்பாக்கி பெட்டிக்குள் போய்விடும்.

பென்சில்வேனியா பெரியவர்

சின்னவன் தம்பி, சட்டம் அனுமதிக்கும்போது ஏன் பெட்டிக்குள் வைக்க வேண்டும்? பயந்தது அவர்கள், தப்பு நீங்கள் செய்ததுபோல் எழுதுகிறீர்கள்.

அது இருக்கட்டும். என் அனுபவம் சின்னது: வில் சீசனில் மரத்தில் ஏறும்போது பக்கத்து மரத்துக்காரரின் நைலான் ஹோல்ஸ்டரிலிருந்து துப்பாக்கி நழுவி, இலைக்குவியலில் பொத்தென்று விழுந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. வெடிக்கவில்லை. (இங்கே கைத்துப்பாக்கியை உடன் வைத்துக்கொள்ளும் கேரி லைசென்ஸ் இருந்தால் வில் வேட்டையின்போது தற்காப்புக்கு வைத்துக்கொள்ளலாம், அதை வைத்து மானைச் சுடக் கூடாது.)

நான் சுடும் பயிற்சி ரேஞ்சில் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன், அதனால் சொல்கிறேன். ஹோல்ஸ்டர் முதலில் விசைக் காப்பை (விசையைச் சுற்றிய வளையம்) முழுவதும் மூட வேண்டும், விரலோ சுள்ளியோ உள்ளே போகக் கூடாது. எல்லா அளவுக்கும் பொருந்தும் என்று விற்கிற துணி உறைகள் எதற்கும் பொருந்தாது, உங்கள் மாடலுக்கே வார்த்ததை வாங்குங்கள். துப்பாக்கியைக் காலி செய்து, மாட்டி, தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்குங்கள், விழுந்தால் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கைடெக்ஸில் பிடிப்பை இறுக்கத் திருகு இருக்கும், அது பயணத்தில் தானாகத் தளரும், மரைப் பசை ஒரு சொட்டு விடுங்கள். ரிவால்வருக்குக் கட்டைவிரலால் தட்டித் திறக்கும் பட்டி போதும். ஆள்காட்டி விரலால் பொத்தானை அழுத்தித் திறக்கும் வகையை நான் வகுப்பில் அனுமதிப்பதே இல்லை, அழுத்திய வேகத்தில் விரல் நேராக விசைக்குள் போய்விடும். பெல்ட் கெட்டியாக இருக்க வேண்டும், சாதாரணக் கால்சட்டை பெல்ட்டில் ஒரு கிலோவுக்கு மேல் தொங்கினால் நடக்க நடக்கச் சரியும். கையுறை போட்டு, பேக் மாட்டி, குனிந்து, உட்கார்ந்து, மல்லாந்து, எல்லா நிலையிலும் எடுத்துப் பழகுங்கள். எப்போதும் காலித் துப்பாக்கியில்தான். மார்பு ஹோல்ஸ்டர் பிரியர்களுக்குத் தனியாக ஒன்று. எடுக்கும்போது குழல்வாய் இடது கையைக் கடந்துதான் வெளியே வரும், இடது பக்கம் நிற்கும் நண்பரையும் ஒரு கணம் பார்க்கும். ஆங்கரேஜ் அம்மா இதைச் சொல்லவே இல்லை.

ஆங்கரேஜ் அக்கா

சார், சொல்லவில்லைதான். நீங்கள் சொல்லிவிடுவீர்கள் என்று தெரியும்.

மிசோலா மாணவன்

துப்பாக்கிப் பேச்சில் ஸ்ப்ரேயை எல்லோரும் ஓரம் கட்டுகிறீர்கள். அலாஸ்காச் சம்பவங்களை வைத்து 2008-இல் வந்த ஆய்வில், ஸ்ப்ரே அடித்த பழுப்புக் கரடிகளில் 92 சதவீதம் செய்துகொண்டிருந்ததை நிறுத்தின. 2012-இல் அதே ஆய்வாளர்கள் துப்பாக்கிச் சம்பவங்களைப் பார்த்தபோது கைத்துப்பாக்கிக்கு 84 சதவீதம். முதலில் கையில் ஸ்ப்ரே, அப்புறம் மற்றது. கிரிஸ்லி மான்டானாவில் 1975 முதல் சட்டப் பாதுகாப்பில் உள்ள விலங்கு, தற்காப்புக்குச் சுட்டாலும் அதிகாரிகள் வந்து இடத்தை அளந்து விசாரிப்பார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

எல்க் கிறுக்கன்

மாணவரே, அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. ஸ்ப்ரே பட்டியலில் பாய்ந்து வராமல் சும்மா மோப்பம் பிடித்துச் சுற்றிய கரடிகளும் இருக்கின்றன. நான் ஸ்ப்ரேக்கு எதிரி இல்லை, அன்றைக்கு என் கை போனதும் அதற்குத்தான். எதிர்க்காற்றில் அடித்தால் யார் முகத்துக்கு வரும் என்பதையும் சொல்லிவிட்டுப் போங்கள்.

டாலஸ் புதுவரவு

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். நான் எச்1பி விசாவில் இருக்கிறேன். அலுவலக நண்பர் தன் நிலத்துக்குப் பன்றி வேட்டைக்குக் கூப்பிட்டார், தனியார் நிலத்தில் பன்றிக்கு லைசென்ஸே வேண்டாம் என்கிறார். இடுப்பில் மாட்டிக்கொள்ளத் தன் பழைய ஹோல்ஸ்டரும் துப்பாக்கியும் தருகிறாராம். போகலாமா?

சான் அன்டோனியோ சின்னவன்

தம்பி, நில். உன் நண்பர் சொல்வது 2019-இல் வந்த டெக்சஸ் விதி, அவருக்குச் சரி. உனக்கு வேறு கதை. எச்1பி போன்ற குடியேற்றமில்லா விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். விதிவிலக்குகளில் ஒன்று, அமெரிக்காவில் கொடுத்த, காலாவதி ஆகாத வேட்டை லைசென்ஸ். அதனால் பன்றிக்கு வேண்டாம் என்றாலும் துப்பாக்கியைத் தொட உனக்கு அது வேண்டும். டெக்சஸ் லைசென்ஸ் எந்த மாதம் வாங்கினாலும் ஆகஸ்ட் 31 அன்று பெரும்பாலும் முடிந்துவிடும், அந்தத் தேதியைப் பார்த்துக்கொள். விசா மாட்டிக்கொண்டால் ஹோல்ஸ்டர் இடுப்பிலா மார்பிலா என்று யாரும் கேட்க மாட்டார்கள். வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போ.

ஆங்கரேஜ் அக்கா

எல்க் தம்பி, நீ கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. பைனாகுலர் பைக்கு அடியில் தொங்கும்படி ஹோல்ஸ்டர் கிடைக்கிறது, இல்லையென்றால் பையை ஒரு சாண் மேலே ஏற்றிக் கட்டு. ஆரஞ்சுச் சட்டையை முதலில் போடு, ஹோல்ஸ்டர் அதற்கு மேலே. பட்டை மறைக்கும் ஆரஞ்சை ஈடுகட்ட ஆரஞ்சுத் தொப்பியும் பேக்குக்கு ஆரஞ்சு உறையும் போட்டுக்கொள். ஸ்ப்ரே பேக்கின் இடது பட்டையில். உன் நண்பரையும் அதே மாதிரி மாட்டச் சொல், பேக்கில் இருபது கிலோ அரிசி மூட்டை வைத்து.

எல்க் கிறுக்கன்

அவர் அந்தத் தோல் ஹோல்ஸ்டரை விற்கப் போகிறாராம். யாருக்காவது வேண்டுமா? நான்கு அங்குலக் குழல், வலது கை.